துப்புக் கேட்கக் கூடாது

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு
முதல் படம் வரும்.
ஊர் கோலாலம்பூர், அது மட்டும் உறுதி.
கோபுரம் கூடாது, பெயர்ப்பலகை கூடாது,
காகம் உட்கார்ந்திருந்தால் கணக்கில் இல்லை.
துப்புக் கேட்டவர்
மறுநாள் எல்லாருக்கும் பசியாற வாங்கித் தரணும்.
சட்டம் எழுதியவர் புஷ்பநாதன்,
வரி அலுவலகத்தில் இருபது வருஷம்,
கேலிக்கும் ரசீது கேட்கிற ஆள்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
ஊரை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பேன்,
இல்லாவிட்டால் குழிக்குள்ளிருந்து.
நடுவில் உள்ளது அவ்வளவாகத் தெரியாது.
செந்தூலில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல்,
புடுவில் கூரைமேல் காயும் ஒற்றைச் செருப்பு,
இப்படித்தான் அனுப்புவேன்.

ஆரோக்கியம் பஸ் ஓட்டுகிறார்.
அவருக்கு உலகமே வலப்பக்க ஜன்னல்.
இடப்பக்கத்தைப் படம் போட்டால்
மனுஷன் தொலைந்தார்.
"இது கேஎல்லே இல்ல லா, ஏமாத்துறீங்க."
ஒருமுறை அவர் தினமும் நிற்கிற நிறுத்தத்தையே போட்டோம்,
பின்பக்கமிருந்து.
காஜாங் என்றார்.

தவமலர் மட்டும் தப்புவதே இல்லை.
நாங்கள் படத்தைப் பெரிதாக்கி, கவிழ்த்து,
கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள்
வந்து விழும் பதில்.
நீலக் கதவு, பக்கத்தில் சொட்டும் குழாய்:
சௌகிட் பின்சந்து, துணிக்கடைக்கு மூணாவது.
மூடியில்லாத லோங்காங், அதில் மிதக்கும் ஆரஞ்சுப் பை:
செகாம்புட், சூராவ் எதிரில்.
மஞ்சள் ஓட்டில் ரெண்டு குமிழ் உதிர்ந்த நடைபாதை:
மஸ்ஜித் ஜாமெக், படி இறங்கினதும். அடுத்தது?

"இவ்வளவும் எப்ப நடந்தீங்க?"
சனிக்கிழமை ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே கேட்டேன்.
நடந்ததே இல்லையாம்.
பாதி இடத்துக்குப் போனதே இல்லையாம்.

அவசர எண்ணை அழுத்தினால்
எடுக்கிற குரல்களில் ஒன்று அவளுடையது.
மூச்சிரைக்கிறவர்களுக்குத் தெருப்பேர் மறந்துபோகும்,
கண்ணில் பட்டதைச் சொல்வார்கள்.
அக்கா, ஒரு நீலக் கதவு.
அக்கா, லோங்காங்குக்கு மூடி இல்ல, அண்ணன் உள்ள விழுந்துட்டாரு.
அக்கா, மஞ்சள் கல்லு, கல்லுல ரெண்டு மொட்ட இல்ல, சீக்கிரம்.

"தெருப்பேர் தெரிஞ்சவங்க கூப்பிட்டு நான் பார்த்ததே இல்ல"
என்று சொல்லிக் குழம்பில் தோய்த்தாள்.
நீலக் கதவுக்கு என்ன ஆச்சு என்றார் ஆரோக்கியம்,
வாயில் வைத்ததை மெல்லாமல்.
"பையன். மூணு கிலோ இருநூறு."

அடுத்த வெள்ளி அவள் முறை.
ஜன்னலில்லாத வெளிர்ப்பச்சைச் சுவர்,
மூணு பதினேழு காட்டும் கடிகாரம்,
கை கிழிந்த நாற்காலியில்
ஓர் ஊதாக் குளிர்ச்சட்டை.
கிளினிக், என்றார்கள். அடகுக்கடை, என்றார்கள்.
ஜெயில், என்றார் ஆரோக்கியம், நிச்சயமாக.
எனக்குத் தெரிந்துவிட்டது.
முதல்முறை ஜெயிக்கப்போகிற நடுக்கத்தில்
உங்க ஆபீஸ் என்று தட்டியது
உங்க ஆப்பம் என்று போய்விட்டது.

புஷ்பநாதன் வந்தார்.
பொதுமக்கள் போக முடியாத இடம். விதி நான்கு. செல்லாது.
அவள் எழுதினாள்:
ஒன்பதை மூணு தடவ அழுத்துங்க சார், வந்துருவீங்க.

எட்டு நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை.
பிறகு புஷ்பநாதன்:
செல்லும். ஆப்பத்துக்கு அரை மதிப்பெண்.

இந்த வாரம் நான் ஜாலான் ஈப்போ பக்கம்,
பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவே,
கட்டியவன் எவனோ சிமெண்ட் ஈரத்தில்
விரலால் வரைந்துவிட்டுப் போன மீன்.
டார்ச் அடித்து எடுத்து அனுப்பினேன்.
ஒரு நிமிஷம். மூன்று. ஏழு.
அவள் பெயர் தட்டுகிறது, நிற்கிறது,
மறுபடி தட்டுகிறது.

"ஒரே ஒரு துப்பு?"

அங்கிருந்து யாரும் கூப்பிட்டதில்லை போல.
நாளைக்கு எனக்கு ரெண்டு ரொட்டி,
ஒரு தே தாரேக், சீனி குறைவாக.