பவுன்

பந்தலூரில் குதிரைப் பந்தயம் ஓடியதாம்.
நம்பமாட்டீர்கள். இப்போது அங்கே
ஒரு பேக்கரி, ஜீப் ஸ்டாண்டு, மழை.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதில்
லண்டனில் எங்கள் மலையைக்
காகிதத்தில் அச்சடித்து விற்றார்கள்.
அந்த ஊர்ப் பவுனைக் கொட்டினால்
இந்த ஊர்ப் பவுனை வாரலாம் என்று.
இலை கருகிக் கிடந்த காப்பிக்காடெல்லாம்
ஒரே ராத்திரியில் பொன்விளையும் காடு.

பேப்பூரில் இறங்கிய இரும்பு உலக்கைகளை
நாடுகாணிச் சுரத்தில் ஏற்றியபோது
செத்த மாடுகளுக்குக் கணக்கு உண்டு.
காய்ச்சலில் போன கூலிகள்
இதர செலவில்.

ஆற்றில் மரவையை ஆட்டி
குன்றிமணிப் பொன் எடுத்த பணியர்களிடம்தான்
முதலில் வழி கேட்டார்கள்.
வழி தெரிந்ததும் அவர்கள் பேரையே
கூலிப் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வருடம்.
பாறையை இடித்தால் பாறைமாவு வந்தது.
உலக்கைகளைப் போட்டது போட்டபடி விட்டு
தேயிலை நட்டார்கள்.
ஓர் உலக்கை எங்கள் லயத்துக்குப் பின்னால் கிடக்கிறது.
அதில்தான் சேலை காயப்போடுகிறோம்.

இதெல்லாம்
சர்வேக்கு வந்த ஆபீசர்
ஏழாம் நம்பர் குகை வாசலில் நின்று
மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னது.
டீ கொண்டுபோனவள் நான்.
டம்ளரை நீட்டிவிட்டு
கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

எங்கள் பாட்டனின் பாட்டனிடம்
கங்காணி வேறு கதை சொல்லியிருந்தான்.
சிலோனில் தேயிலைத் தூரைக் கிளறினால் தங்கமாம்.
நாலு தலைமுறை கிளறினோம்,
அட்டைதான் ஏறியது, காலில்.
எழுபத்து நாலில் கப்பல் ஏற்றினார்கள்.
தலைமன்னாரில் சோதனைக்காரன்
என் காதுத்தோட்டை மட்டும் விட்டுவைத்தான்,
சின்னப்பிள்ளை என்று.
இங்கே இறங்கியதும் இன்னொரு அட்டை,
ரேஷனுக்கு.

வந்து பார்த்தால், ஐயோ,
தேயிலைத் தூருக்கடியில்
நிஜமாகவே தங்கம்!
கங்காணி பொய் சொல்லவில்லை,
கடலைத் தாண்டச் சொன்னதுதான் பிசகு.

ஆனால் தோண்டினால் கேஸ்.

ராத்திரியில் தோண்டினார் யோகராசன்.
தலையில் டார்ச், வாயில் பீடி
(பீடி அணைந்தால் திரும்பிவிடு என்பது சட்டம்).
சாக்கில் வரும் கல்லை
மிளகாய் அரைக்கும் அம்மியில் அரைப்பேன்.
நிலம்பூர்க்காரன் பிராந்தி பாட்டிலில் தரும் பாதரசம்
உள்ளங்கையில் உயிருள்ளது போல் ஓடும்.
பொடியோடு பிசைந்து, துணியில் பிழிந்து,
கரண்டியில் வைத்து அடுப்பில் காய்ச்சினால்
புகை எழும். வாசனை இருக்காது.
அடுப்படியில்தான் பையன் தூங்குவான்,
குளிருக்கு.

விடியும்போது கடுகளவு ஒன்று.
தேவாலா ஆசாரி அதை ஊதித் தராசில் வைப்பார்.
ஊதுவதிலேயே கொஞ்சம் போகும்.

எட்டு வருடத்தில் ஒன்றேகால் பவுன் சேர்ந்தது.
ஆடி மழையில் ஏழாம் நம்பர் நிறைந்தபோது
உள்ளே இருந்தவரை வெளியே எடுக்க
தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் டீசலுக்கும்
ஒரு பவுன்.
நான்காம் நாள் எடுத்தோம்.
டார்ச் எரிந்துகொண்டிருந்தது என்றார்கள்,
அதை நான் நம்பவில்லை.

மிச்சக் கால் பவுன்
பையனின் பள்ளிக்கூடத்துக்கு.

நேற்று நோட்டைத் திறந்து பார்த்தேன்.
பொருத்துக என்று போட்டு
ஜப்பானுக்கு நேராக யென்,
பிரிட்டனுக்கு நேராக
பவுன் என்று எழுதியிருக்கிறான்.
டீச்சர் சிவப்பு மையில் வெட்டி
பவுண்டு என்று திருத்தியிருக்கிறார்.
கீழே ஒரு வரி:
கை நடுங்குகிறது. வீட்டில் கவனிக்கவும்.