இரண்டாம் கியர்

கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் நின்றபோது
மணி இரண்டே கால்.
ஐம்பத்திரண்டு மூட்டை, தார்ப்பாய், கயிறு.
போனை டேஷ்போர்டில் சாய்த்துவைத்து
தகரத்தின் தனி ஆல்பத்தைப் போட்டேன்.
வெளியாகிப் பதினேழு நாள்.
பதினேழு நாளும் சார்ஜ் இல்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தகரம் என்பது தவசீலன்.
கொண்டை ஊசி கும்பலில் நாங்கள் நாலு பேர்.
அப்போது அவன் பாட்டு முழுக்கத் துப்பாக்கி.
அவன் நேரில் பார்த்த ஒரே துப்பாக்கி
மலர்க் கண்காட்சியில் பலூன் சுடுவது.
ரத்தம் என்று ஒரே பாட்டில்
பத்தொன்பது தடவை, எண்ணியிருக்கிறேன்.
மூச்சே விடமாட்டான். விட்டால்
யாராவது குறுக்கே பேசிவிடுவார்களோ என்று பயம்.

*பென்னி தோள்ல என் கையெழுத்து*
அதுதான் ஹிட். கோயம்புத்தூர்க் கல்லூரிப் பையன்கள்
பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள்.
கையெழுத்துப் போட்டது நான்.
கோவை ஜெயிலில் பதினோரு மாதம்.
தட்டு கழுவும் இடத்தில் புதிதாக வந்த ஒருவன்
என்னிடமே அதைப் பாடிக் காட்டினான்.
தாளம் சுத்தமாக இருந்தது.

காட்டேரி தாண்டும்போது முதல் பாட்டு.
பீட் வரவில்லை. போனைத் தட்டினேன்.
கெடவில்லை, லைன் வீட்டுக் கூரையில் மழை.
பெருமழைகூட இல்லை, விட்டபிறகு சொட்டுவது.
இரண்டு சொட்டுக்கு நடுவே சொல்லை வைக்கிறான்,
முட்டையை வைப்பதுபோல.
இவனுக்கு எப்போது வந்தது இந்தப் பொறுமை?

மூன்றாவதில் கொழுந்து விலையை வைத்தே
எதுகை கட்டுகிறான், சிரித்துவிட்டேன்.
நாலாவது குப்பை. மறுபடி தங்கச் சங்கிலி,
மறுபடி எவன்டா. பழைய ரசிகர்களுக்குப் போட்ட எலும்பு.
ஐந்தாவதைக் கேட்கவில்லை,
எதிர் லாரிக்காரன் ஒதுங்க மறுத்தான்.

குன்னூருக்குக் கீழே பலகை:
இரண்டாம் கியரில் இறங்கவும்.
ஆல்பத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று
அப்போதுதான் உறைத்தது.
சமவெளிக்காரன் பிரேக்கை மிதித்தே இறங்குவான்,
பாதி மலைக்குள் லைனிங் கருகி நாறும்.
நாங்கள் இஞ்சினையே இழுத்துப்பிடிக்க விடுவோம்.
உறுமும். ஓடாது.
கும்பலில் இருந்தவரை அவன் குரல்
கருகிய லைனிங்.

இறக்கத்தில் காது அடைத்துக்கொண்டது.
ஏழாவது பாட்டு பஞ்சுக்குள்ளிருந்து வந்தது.
எச்சில் விழுங்கினேன். பர்லியார் பாலத்தில்
பட்டென்று திறந்தது காது:

*அந்தக் கையெழுத்து என்னுதில்ல.
நான் கக்கூஸ் சுவத்துக்குப் பின்னால
என் செருப்பப் பாத்துட்டு நின்னேன்.*

யாருடையது என்று சொல்லவில்லை.
அந்த இடத்தில் நாலு மாத்திரை காலியாக விட்டிருக்கிறான்.
பின்னால் ஓட்டி, என் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
சரியாக உட்கார்ந்தது.

பிறகு பீட். கரகரவென்று ஓர் இரும்பு,
பாதியில் நிற்கிறது. இன்னொரு இழுப்பு. மேலே.
இரண்டு வளைவு கழித்துத்தான் புரிந்தது.
ஷட்டர். ஒற்றைக் கையால் திறக்கப்படும் ஷட்டர்.
பென்னியின் உரக்கடை, காலை ஏழு மணி.
அங்கே போய் மைக்கைப் பிடித்திருக்கிறான்.
கேட்டிருக்கிறான். பென்னி சரி என்றிருக்கிறான்.
ஆறு வருடமாக எங்கள் அரை ஏக்கருக்கு
நான் கோத்தகிரிவரை போய் உரம் வாங்குகிறேன்.

கல்லாறில் ஓரங்கட்டி இறங்கி நின்றேன்.
கோபமா என்று தெரியவில்லை.
என் பதினோரு மாதத்தை ஒரு தடவை விற்றான்.
இப்போது திருப்பித் தருகிறான், அதையும் விற்கிறான்.
ஆனால் ஷட்டர் பாதியில் நிற்கும் இடத்தில்
மூச்சு விடுகிறான், கேட்கிறது.
இரண்டு பேர் மூச்சு.

மேட்டுப்பாளையம் மண்டியில்
நேற்றைவிடக் கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு.
மூட்டை இறக்கிய பையன் காதைத் தீட்டினான்:
யாருண்ணா, தகரமா? முன்ன மாதிரி மாஸ் இல்லையே.
நாலாவதப் போட்டுக் கேளு, என்றேன்.

மணி ஐந்தரை. வண்டி காலி.
ஏழுக்குள் ஏறிவிடலாம்.
கேத்தியில் பனி இறங்கியிருந்தால்
ஏழரை.