பதிவு செய்யாத பிரதி

பதினோரு மணிக்கு மேல் எஸ்டிடி கால் கட்டணம்.
முக்கூடலில் அதற்குள் நாய்கூடப் படுத்துவிடும்.
பீடிக் கம்பெனி மாடியில்
இலைக்கணக்கு தூள்கணக்கு கழிவுக்கணக்கு முடித்து
மோடத்தை எழுப்புவேன்.
பூச்சியம் இரண்டு இரண்டு.
பம்பாயில் எவர் வீட்டுக் கட்டிலடியிலோ
ஒரு கம்ப்யூட்டர் எடுத்தால் கீச்சிடும்.
அது தூங்கிவிட்டால்
வீட்டுக்காரர் எடுப்பார்: "கோன் ஹை?"
நான் என்ன சொல்ல.
வைத்துவிடுவேன்.

கிடைத்த இரவுகளில் நாலு நிமிஷம்.
நூறு பேர் கடிதத்தை ஒரே பொட்டலமாய்க் கட்டி
இறக்கிக்கொண்டு லைனை அறுத்துவிட வேண்டும்.
மீட்டர் நின்ற பிறகுதான் படிப்பு.

அதற்கென்றே ஒரு புரோகிராம்.
பெருமாள்புரத்துப் பையன் ஒருத்தன்
லீவுக்கு வந்தபோது பிளாப்பியில் தந்தது. ஷேர்வேர்.
முப்பது நாள் சும்மா ஓட்டிப் பார்,
பிடித்தால் இருபத்தைந்து டாலர் அனுப்பு என்கிறான்
முகம் தெரியாத எவனோ.
அம்பாசமுத்திரம் பேங்கில் டாலர் கேட்டேன்.
மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தார்.

இன்று நூற்றுத் தொண்ணூற்றாறாம் நாள்.
திறக்கும்போதெல்லாம் நீலத் திரையில் நாள்கணக்கு வரும்.
பத்து விநாடி நிறுத்திவைக்கும்.
அப்புறம் வழிவிடும்.
வைவதில்லை, கதவடைப்பதில்லை.
நான் எழுதும் பதிலின் அடியில் மட்டும்
என்னைக் கேளாமல் ஒரு வரி சேர்க்கும்:
பதிவு செய்யாத பிரதி.

தாதரிலிருந்து சுலபா பரஞ்ச்பே
சதுரங்கப் பகுதியில் எழுதுகிறவள்
கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.
"மிஸ்டர் கிதியோன்,
உங்கள் ஊரில் எல்லோருக்கும் இதுதான் குடும்பப்பெயரா?"
அவள் கேட்டு மூன்று நாள் கழித்து நான் சிரித்தேன்.
சிரிப்பு அங்கே போய்ச் சேர இன்னும் இரண்டு நாள் ஆகும்.
அதற்குள் அவர்கள் அடுத்த சண்டைக்குப் போயிருப்பார்கள்.
சமாதானம் ஆன தெருவில் கம்போடு வந்து நிற்பவன் நான்.
பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை பட்டுவாடா.
பாப்பாக்குடி மாடத்தி
எல்லோரும் போகட்டும் என்று நின்றாள்.
பதினோரு வருஷமாய் நாளுக்கு ஆயிரம் சுற்றுகிறாள்.
பாஸ்புக் கிடையாது.
அவள் சுற்றுவது வேலம்மாள் கார்டில் ஏறும்,
பி.எஃப். வேலம்மாளுக்கு.
"அந்தப் பெட்டிக்குள்ள எம்பேரு இருக்கான்னு பாருமய்யா."
இல்லையென்று தெரியும். இருந்தும் தேடினேன்.
வேலம்மாள் ஆயிரம். வேலம்மாள் ஆயிரம்.
வேலம்மாள் தொள்ளாயிரம், கழிவு நூறு.
"இல்லக்கா."
"அப்பம் இம்புட்டு நாளும் சுத்துனது யாரு?"
சம்பளத்தை இரண்டு தரம் எண்ணி
முந்தியில் முடிந்துகொண்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

அன்று ராத்திரி ஒரே தடவையில் லைன் கிடைத்தது.
இருநூற்று மூன்றாம் நாள் என்றது திரை.
பத்து விநாடி.
சுலபாவுக்கு எழுதினேன்:
ஆமாம், இங்கே ரொம்பப் பேருக்கு அதுதான்.
அடியில் அது தன் வரியைச் சேர்த்துக்கொண்டது.

தூக்கம் வரவில்லை.
கணக்குப் பைலைத் திறந்து
புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: சுற்றியவர்.
ஒவ்வொரு வேலம்மாளுக்கு எதிரிலும்
மாடத்தி, மாடத்தி, மாடத்தி.
விடியும்போது ஒன்றரை வருஷம் ஏறியிருந்தது.
அதற்கு முந்தியதெல்லாம் பேரேட்டில், பைண்டு செய்து, பரணில்.

திங்கட்கிழமை பிரிண்டர் கரகரவென்று துப்பியது.
தாளின் அகலம் எண்பது எழுத்து.
அவள் பெயர் எண்பத்தொன்றில் தொடங்குகிறது.
முதலாளி பக்கம் பக்கமாய்க் கையெழுத்துப் போட்டார்.