முப்பத்தொன்று

நிலவியல் துறையின் அடித்தளத்தில் குரல் தேர்வு.
வெளியே மடக்கு நாற்காலிகள் ஏழு,
ஆட்கள் பதினாலு.
சட்டையில் குத்திய தாளில் என் எண்: முப்பத்தொன்று.

பக்கத்தில் இருப்பவன் பச்சை ஆப்பிளைக் கடிக்கிறான்,
தொண்டைக்கு நல்லதாம்.
எதிரே ஒருத்தி உதட்டைப் படபடவென்று அடித்து
குதிரை மாதிரி மூச்சு விடுகிறாள்.
எனக்கோ நனைந்த காலுறை மட்டுமே நினைப்பு.
இந்த ஊர் மழை
எங்கள் டுலூத் மழையைவிட மெலிசு,
ஆனால் பிடிவாதம்.

உள்ளே கண்ணாடி அலமாரிகளில் கற்கள்.
ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் வயது
கோடிக் கணக்கில்.
நீள மேசையில் ஐந்து பேர்,
பாதி தின்ற பீட்சா.

பெயர்?
பிரிட்டா லிண்ட்குவிஸ்ட்.
குரல் வகை?
அதற்கெல்லாம் பெயர் உண்டென்று தெரியும்,
என்னுடையதற்கு என்னவென்றுதான் தெரியாது.
"கீழே" என்றேன்.
ஒருவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை.

இவர்கள் குழுவில் வாத்தியம் கிடையாது.
மேளமும் வாய், கித்தாரும் வாய்,
பின்னணியில் அலை புரள்வதும் வாய்.
போன வாரம் நூலகப் படிக்கட்டில் பார்த்தேன்.
பதினொரு பேர் ஒரே மூச்சில் நின்றபோது
சைக்கிளைப் பூட்ட மறந்து
தொலைத்துவிட்டேன்.

பாடு என்றார்கள்.
முதல் வரி ஒழுங்காக வந்தது.
இரண்டாவதில் மூச்சு
வாடகை பாக்கி வைத்தவன்போல்
பின்வாசல் வழியே நழுவியது.
மூன்றாவது வரி இருந்ததா, பாடினேனா,
சத்தியமாகத் தெரியாது.

இமோஜன் என்பவள் எதையோ எழுதினாள்.
ரொம்ப நேரம் எழுதினாள்.
பிறகு சுருதிக்குழலை எடுத்து
உள்ளங்கையில் மூடிக்கொண்டு சொன்னாள்:
"இதை ஊதப்போவதில்லை.
ஏதாவது ஒரு சுருதி கொடு.
நினைவிலிருந்து."

நினைவில் என்ன இருக்கிறது?

அப்பாவின் மீட்பு லாரி
பின்பக்கமாய் வரும்போது கத்துமே, அது.
பனிக்காலம் முழுக்க,
இரவு இரண்டுக்கோ மூன்றுக்கோ,
பள்ளத்தில் சரிந்த கார்களைக் கட்டி இழுத்து வந்து
எங்கள் முற்றத்தில் நிறுத்தும்போது
பீப், பீப், பீப்.
ஒவ்வொரு பீப்பும்
மனுஷன் திரும்பிவிட்டான் என்று அர்த்தம்.
அதன்பிறகுதான் அம்மா விளக்கை அணைப்பாள்,
நான் புரண்டு படுப்பேன்.

அதைக் கொடுத்தேன்.

இமோஜன் குழலில் தேடினாள்.
ஒரு துளை, பிறகு அடுத்த துளை.
"இதில் இல்லையே" என்றாள்.
"இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாய். மறுபடி கொடு."
கொடுத்தேன்.
அதே நடு, மயிரிழை பிசகவில்லை.
"மறுபடி."
அதே நடு.

வின்ஸ்லோ, அந்தச் சிரித்தவன்,
பீட்சா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.
"விடாதே, அப்படியே பிடி.
நாங்கள் அங்கே வருகிறோம்."

முதலில் அவன் வந்தான், எனக்குக் கீழே,
தரைக்கும் கீழேயிருந்து.
அப்புறம் ஒருத்தி மேலே.
அப்புறம் இன்னொருவன், தப்பாக வந்து
மெல்ல நகர்ந்து சரியாகி.
கடைசியில் இமோஜனும்,
குழலை மேசையில் வைத்துவிட்டு.

கற்களின் கண்ணாடி ஒன்று
லேசாக அதிர்ந்தது.
அந்தச் சத்தம் யார் குரலும் இல்லை.

"நன்றி" என்றார்கள். "அடுத்து, முப்பத்திரண்டு."

இங்கே ஒரு வழக்கம்.
தேர்வானவர்களின் அறைக் கதவுக்கே
நள்ளிரவில் பாடிக்கொண்டே வந்து
உறங்குகிற ஆளை எழுப்பி, தூக்கிக்கொண்டு போவார்கள்.
மற்றவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.
விடிந்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது மணி இரண்டு பத்து.
அறைத்தோழி ஜோசலின் வாயைத் திறந்து தூங்குகிறாள்.
அவளும் போனாள், இருபத்தாறாம் எண்,
மூன்றாம் வரியையும் பாடியவள்.

புல்வெளிக்கு அப்பால் பாட்டு.
படிக்கட்டில் பாட்டு.
நம் மாடிதான், இடதுபக்க வராந்தா.
சொற்கள் எனக்கு வேண்டாம்.
போர்வையைக் காதிலிருந்து தள்ளிவிட்டு
படுத்தபடியே கேட்கிறேன்,
பாடுவது குழலின் சுருதியிலா,
லாரியின் சுருதியிலா.