தொடர்ச்சிக் குறிப்பேடு

வெண்டெல் ரஸ்க் சாவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம்
சராசரியாகப் பதினோரு விநாடி.
ஸ்டாப் வாட்ச் என் கழுத்தில்தான் தொங்கியது, எனக்குத் தெரியும்.
முதலில் விழுந்தது தொப்பியா துப்பாக்கியா,
எத்தனையாவது பொத்தானுக்குப் பக்கத்தில் ரத்தம்,
கண் திறந்தா மூடியா
என்று எழுதி வைக்க
ஸ்டுடியோ எனக்கு வாரச் சம்பளம் கொடுத்தது.

ஐம்பத்தோராம் வருடம் மட்டும் ஒன்பது முறை செத்தார்.
லோன் பைன் பாறைகளுக்கு நடுவே ஐந்து.
மதுக்கடை மாடிப்படியில் இரண்டு.
நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஒன்று.
கடைசியாக, பனி என்று தூவிய ஜிப்சம் பொடியில்.
'பிணம் தும்மியது' என்று எழுதினேன்.
மறுபடி எடுத்தார்கள்.

சுவரொட்டியில் கதாநாயகன் ஆளுயரம்.
ரஸ்க் பெயரைப் படிக்க வேண்டுமானால்
குதிரைக் குளம்புக்குக் கீழே குனிய வேண்டும்.
அதுவும் அவர் பெயரில்லை.
பென்சில்வேனியாவில் நிலக்கரி வெட்டிய
ஹ்ருஷ்கா வீட்டு மூன்றாவது பிள்ளை.
காசோலையில் இடம் போதவில்லை என்று
எந்தக் குமாஸ்தாவோ கத்தரித்துப் போட்டதில் மிஞ்சியது ரஸ்க்.
"எங்கள் பாஷையில் ஹ்ருஷ்கா என்றால் பேரிக்காய்,
வெளியே சொல்லிவிடாதீர்கள், மிஸ் டால்க்விஸ்ட்,
அடியாள் பிழைப்பில் மண் விழுந்துவிடும்."

சாப்பாட்டு இடைவேளையில்
நெஞ்சில் ஓட்டையோடு வந்து உட்கார்ந்து
அவித்த முட்டை உரிப்பார்.
ரத்தத்தின் மேல் உப்பு சிந்தும்.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொள்வேன்.

ஒருநாள் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.
"சூரியன் போகிறது, சீக்கிரம் செத்துத் தொலை!"
இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினார்.
நான்கே விநாடி.
தள்ளாடவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை,
வயிற்றைப் பிடிக்கவில்லை.
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவனின் முகம்,
அவ்வளவுதான்.
அவருடைய சாவுகளில் எனக்குப் பிடித்தது அது.
படத்தில் இல்லை. குதிரை குறுக்கே வந்துவிட்டதாம்.

அறுபத்து நான்கு மார்ச்சில்
பர்பேங்க் சலவைக்கடையில்
உலர்த்தும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க
நாற்காலியில் உட்கார்ந்தபடி.
எத்தனை விநாடி, யாருக்கும் தெரியாது.
தூங்குகிறார் என்று நினைத்து
பக்கத்திலிருந்த பெண்
அவர் சட்டைகளையும் சேர்த்து மடித்து வைத்திருக்கிறாள்.
பொத்தான் போட்டுக்கூட.

அந்த வாரம் நடுராத்திரி தொலைக்காட்சியில் ஒரு பழைய படம்.
காட்சி நாற்பத்தியேழு, மூன்றாவது டேக். எனக்கு மனப்பாடம்.
சரக்கு வண்டிக்குப் பின்னால் ரஸ்க்.
கை உறையை நோக்கிப் போகிறது.
என் விரல் தானாகக் கழுத்தைத் தேடுகிறது.

பழைய கார் விற்பவன் வந்துவிட்டான்.
முன்பணம் வேண்டாம், ஞாயிறும் கடை உண்டு,
பொம்மைத் துப்பாக்கி இலவசம் என்றான்.
அவன் போனபோது கதாநாயகன் ஊருக்குள் வந்திருந்தான்,
தேவாலய மணி அடித்தது, கல்யாணம்.
தெருவில் பிணமே இல்லை.

பதின்மூன்று வருடப் பழக்கம், விடுமா.
நிலையத்துக்குப் போன் போட்டேன்.
ஒரு துண்டு காணோம் என்றேன்.
இரவுப் பணிக்காரன் சின்னப் பையன், கொட்டாவி விட்டான்.
"எந்த நடிகர், அம்மா?"
இரண்டாவது அடியாள்.
"ஓ, அந்த வண்டிக்காரர்..." கொஞ்சம் யோசித்தான்.
"ஆமாம், அவருக்கு என்ன ஆயிற்று?"

மேசைமேல் குறிப்பேடு. பதினோரு விநாடி, என் கையெழுத்து:
இடது முழங்கால் முதலில்.
தொப்பி சக்கரத்தடியில்.
கண் திறந்து.

"தெரியவில்லை" என்றேன்.
"தொப்பி தலையில்தான் இருந்தது.
இன்னும் வண்டிக்குப் பின்னாலேயே நிற்கிறாராக்கும்."