ஏழாம் கேள்வி

இலோய்லோ படகுத்துறையில், மழை விட்ட பெஞ்சில்,
படிவத்தை உன் மடியில் விரித்தேன், ரொடேலியோ.
பெயர். பிறந்த நாள். தொழில்: கப்பல் பட்டறை வெல்டர்.
ஆறு கேள்விகள் வரை உன் பேனா தடுக்கவே இல்லை.
ஏழாவதில் நின்றது.

கடந்த ஐந்தாண்டுகளில் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்,
உயர் ரத்த அழுத்தம், இவற்றில் ஏதேனும்

நீ கடலைப் பார்த்தாய்.
எதிரே கிமாராஸ் தீவு. அப்படி உற்றுப் பார்க்க
அங்கே ஒன்றுமில்லை. நான் அங்கேதான் குடியிருக்கிறேன்.

"மாத்திரை போடுவேன். எப்போதாவது.
இல்லை என்றே குறித்துவிடு பெர்லிடா,
நாமென்ன அந்நியமா?
தவணை குறையுமாமே."

குறையும்.
என் கமிஷனும் இந்த வாரமே வரும்.
மாதக் கணக்கில் இன்னும் இரண்டு பாலிசி குறைகிறது.
"சுத்தமாக நிரப்பு" என்பார் மேலாளர்.
அவர் அகராதியில் சுத்தம் என்றால்
எல்லாக் கட்டத்திலும் இல்லை.

ஒருமுறை அப்படி நிரப்பியிருக்கிறேன்.
மீன் ஏலக்காரர். பெருவிரல் புண்ணுக்கு இடம் விட்டு
செருப்பின் முன்பக்கத்தை வெட்டியிருந்தார்.
பார்த்தேன்.
புயல் இந்த வருடம் முந்திவிடும் போலிருக்கிறதே என்றேன்.
பதினான்காம் மாதம் அவர் மனைவி
கம்பெனிக் கடிதத்தோடு என் வாசலுக்கு வந்தாள்,
வக்கீல் ஆங்கிலம் புரியவில்லை, வாசித்துச் சொல் என்று.
வாசித்தேன்.
"உண்மையை மறைத்த காரணத்தால்" என்ற இடத்தை
மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
கையெழுத்து அவருடையதுதான்.
கட்டத்துக்குள் இருந்த குறி என்னுடையது.
போகும்போது அரைக் கிலோ கருவாடு தந்தாள்,
வாசித்ததற்கு.
சமைக்கவும் மனமில்லை, எறியவும் கை வரவில்லை.
எறும்பு தீர்த்தது.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை.
"மாத்திரையின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டேன்.
எப்போதாவது போடுகிறவன்
சட்டைப் பையிலிருந்தே அட்டையை எடுத்தாய்.
பத்தில் ஏழு குழிகள் காலி.
எழுத்துக் கூட்டி எழுதினேன்,
எத்தனை மில்லிகிராம் என்பது உட்பட.
புதிய தவணையைச் சொன்னபோது
விரல்விட்டு எண்ணினாய்: அரிசி, பையனின் காலேஜ்,
வாடகை வந்ததும் விரல் தீர்ந்துவிட்டது.

"யோசித்துச் சொல்கிறேன்."
யோசித்துச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.
வங்கி முனையில் இன்னொரு ஏஜென்ட் இருக்கிறான்,
கேள்வியே கேட்க மாட்டானாம். நீயே சொன்னாய்,
கோபமில்லாமல்.
படிவத்தை நாலாக மடித்து
மாத்திரை அட்டையோடு பையில் வைத்துக்கொண்டாய்.

படகு நகர்ந்த பிறகும் உன்னைத்தான் பார்த்திருந்தேன்.
துறையின் படிகளில் பாதி ஏறி நின்றாய்,
கைப்பிடியைப் பிடித்து,
யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி.

யாரும் கூப்பிடவில்லை, ரொடேலியோ.