கூடுதல் ஒன்று

நான் ஆறாவது ஆள்.
ஐந்து பேர் ஆடுகிற பூப்பந்தில்
ஆறாவது ஆளுக்குத் தண்ணீர்க் கேனும்
ஸ்கோர் நோட்டும்.

போன வருசம் பதினான்கு ஆட்டம், ஐந்து வெற்றி.
மேனேஜர் முத்திருளப்பன்.
இந்த வருசம் பதினான்கு ஆட்டம், ஆறு வெற்றி.
மேனேஜர் ஜெபராஜ்.

இடையில் இருக்கிற அந்த ஒன்றுக்குத்தான்
திருமங்கலம் மின்வாரிய அலுவலகத்தில்
கேசரி கிண்டினார்கள்,
பொன்னாடை வாங்கினார்கள்,
பெரிய பொறியாளர் மைக்கைத் தட்டித் தட்டி
"மேனேஜர் எவ்வழி, அணி அவ்வழி" என்றார்.
கை தட்டினோம். நானும்தான்.
தட்டிய கையில் நெய்.

வீட்டுக்கு வந்து
அந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்.

ஆடி பதினாறு, உசிலம்பட்டிக்காரர்களோடு.
அவர்களுடைய பின்வரிசைக் கில்லாடி
இரண்டு கண்ணும் சிவந்து
மெட்ராஸ் ஐ என்று வீட்டில் படுத்துக்கொண்டான்.
கால் பங்கைக் கழி.

காஜா மைதீனுக்கு அன்று விடியக் காலம்
பெரியாஸ்பத்திரியில் பெண் பிறந்திருந்தது.
இரவெல்லாம் முழித்த கை
எதையும் யோசிக்கவில்லை.
தொட்டதெல்லாம் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது.
இதற்கு எவ்வளவு போடுவது?
இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் காற்று.
ஆடியில் அம்மி பறக்குமோ என்னமோ,
உள்ளங்கையில் கனமே தெரியாத கம்பளிப் பந்து
பறக்கும்.
மேற்கு மலையிடுக்கில் புகுந்து வந்து
சப்ஸ்டேசன் வேலியை உலுக்கி
மூன்றாவது செட்டில்
எங்கள் முதுகுப் பக்கம் நின்றது.
டாஸில் விழுந்த பக்கம் அது.
நாணயத்துக்கு மேனேஜர் கிடையாது.

சரி, ஜெபராஜ் என்னதான் செய்தார்?

முதல் வாரம் வாயே திறக்கவில்லை.
கிழிந்த பந்தில் மஞ்சள் நூலைப் பிரித்து
வலைக் கம்பத்தின் உச்சியில் கட்டினார்.
முன்னால் நின்ற ஒச்சப்பனைப்
பின்னால் அனுப்பினார்.
ஒச்சப்பன் நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை.
துளசிராமைத் தனியே கூப்பிட்டு
"அடிக்காதீங்க, வைங்க" என்றார்.

இதையேதான்
"வைடா, வைடா, எதுக்குடா அடிக்கிற"
என்று பதினோரு வருசம்
தொண்டை கட்டக் கட்டக் கத்தினார் முத்திருளப்பன்.
கத்தியபோதெல்லாம் அடித்தவன்
சொன்னபோது வைத்தான்.
அப்படியானால் அந்தப் பாயின்ட் யாருக்கு?
விதைத்தவருக்கா,
கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவருக்கா?

ஒன்று மட்டும் நோட்டில் பளிச்சென்று இருக்கிறது.
போன வருசம் தோற்றால்
பன்னிரண்டில் தோற்போம், பதினைந்தில் தோற்போம்.
இந்த வருசம் எட்டுத் தோல்வியும்
இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு என்று
மெலிந்து கிடக்கின்றன.
மெலிந்த தோல்விக்கு
எந்த ஆபீஸிலும் கேசரி கிண்டுவதில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறேன், பச்சை மையில்.
பதினான்கு ஆட்டத்திலும்
என்னை இறக்கவில்லை.
அது இவரும் அவரும்
ஒத்துப்போன ஒரே விசயம்.

நேற்று சாயந்தரம் வலையைச் சுருட்டும்போது
போன் வந்தது. பேரையூருக்கு மாற்றலாகிப் போன
முத்திருளப்பன்.
"எத்தனைடா?"
"ஆறுண்ணே."
அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று,
இரண்டு.
"அந்த ஒண்ணு...
நான் இருந்திருந்தாலும் வந்திருக்கும்ல?"

கம்பத்து உச்சியைப் பார்த்தேன்.
நூல் தொங்கிக்கொண்டிருந்தது, அசையாமல்.

"அன்னைக்குக் காத்து நல்லா இருந்துச்சுண்ணே."

"ஆமாடா" என்றார்.
"ஆடி பதினாறுதானே?
இங்கயும் அடிச்சுச்சு."